அவித்த நெல்லில் எழுதிய எழுத்து

அதைப் பள்ளிக்கூடம் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வருவதில்லை. அது ஒரு நெல் மில். வலங்கைமான் போகிற சாலையில் வாய்க்காலை ஒட்டி இருந்தது. மில் மூடிச் சில வருடம் சும்மா கிடந்தது. பிறகு முதலாளியின் மகன் துபாயிலிருந்து திரும்பி வந்தார். நெல் அவிக்கிற தொட்டிகளைத் தகரம் போட்டு மூடினார், சுவருக்கு ரோஸ் வண்ணம் அடித்தார், நர்சரி அண்டு பிரைமரி என்று பலகை மாட்டித் தானே தாளாளர் ஆனார். நெல் காயவைத்த சிமென்ட் களம் விளையாட்டு மைதானம் ஆயிற்று. உமி கொட்டிவைத்திருந்த அறை எல்.கே.ஜி. ஆயிற்று. அந்த எல்.கே.ஜி.க்கு நான் மிஸ்.

அது எங்கள் பக்கத்தில் எல்லோரும் விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம். வயலை விற்றவர்கள் போனார்கள், விற்க வயலே இல்லாதவர்களும் போனார்கள். சவுதி, குவைத், சிங்கப்பூர், மலேசியா. அங்கிருந்து வந்த பணத்தில் ஊரில் மாடி வீடு எழும்பியது. மாடி வீட்டுப் பிள்ளைகள் மஞ்சள் வேனில் ஏறின. வேன் வாசலில் வந்து நின்றால் அந்த வீட்டுக்கு ஒரு மதிப்பு. உள்ளே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு வேலை கிடைத்திருக்காது.

நான் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு, அதுவும் சுமாராக. என்னை எடுத்ததற்குக் காரணம் படிப்பு இல்லை. தாளாளர் கேட்ட மூன்று கேள்விக்கும் நான் தலையை ஆட்டினேன். "அடக்கமான பொண்ணு, இதுதான் நமக்கு வேணும்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். நான்கு பெரியவர்கள் இருக்கிற இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பெயர் அடக்கம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பேச வராதவளைப் பிடித்து, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடு என்று நிறுத்தினார்கள்.

முதல் வருடம் எல்லாப் பள்ளிகளையும் போல ஏ, பி, சி, டி என்று கத்தவைத்தேன். இரண்டாம் வருடம் தாளாளர் சென்னையிலிருந்து ஒரு அம்மாவைப் பயிற்சிக்கு வரவழைத்தார். அந்த அம்மா இரண்டு நாள் இருந்தார். இரண்டு நாளும் வாய்க்கால் பக்கத்து ஜன்னலை மூடச் சொன்னார், சேற்று நாற்றம் என்று. எழுத்தின் பெயரைச் சொல்லக்கூடாது, அதன் ஓசையைத்தான் சொல்ல வேண்டும் என்றார். பி என்றால் உதட்டை ஒட்டி டக்கென்று திறக்க வேண்டும். எஸ் என்றால் பாம்பு மாதிரி. எச் என்றால் ஓடி வந்து மூச்சு வாங்குகிற மாதிரி. நான் வீட்டில் அடுப்பங்கரையில் நின்று பழகினேன். என் அம்மா உள்ளே வந்து முதுகில் இரண்டு அடி வைத்தார். "எத முழுங்குனடி, தண்ணியக் குடி."

அந்த அம்மா ஒரு பெட்டியையும் விட்டுப் போனார். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பண்ணை. சிவப்பு நிறத்தில் இரண்டு மாடிக் கட்டடம், வெள்ளை வேலி, புள்ளி போட்ட மாடு, பஞ்சு ஒட்டிய ஆடு, மஞ்சள் வாத்து, தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரன். இரண்டு மூன்றைத் தவிர ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மிருகம். மிருகத்தைக் கையில் கொடுத்து அதன் முதல் ஓசையைச் சொல்லவைக்க வேண்டும். வயலுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு பெட்டிக்குள் இருந்து பண்ணையை எடுத்துக் காட்டினோம். பயிற்சிக்கார அம்மா மூடச் சொன்ன ஜன்னலைத் திறந்தால் நாற்பது வாத்து வாய்க்காலில் போய்க்கொண்டிருக்கும். அதைக் காட்டினால் பிள்ளைகள் கவனம் சிதறும் என்று தாளாளர் சொல்லியிருந்தார்.

சிவப்புக் கட்டடத்தைக் காட்டி, "இது மாடு இருக்கிற வீடு" என்றேன்.

"மாட்டுக்கு மாடி வீடா மிஸ்?" என்று ஒரு பையன் எழுந்து நின்றான். "அப்ப அது சவுதிக்குப் போயிட்டு வந்துச்சா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த அறையில் அந்த வருடம் யாராவது சொன்ன ஒரே புத்திசாலித்தனமான பேச்சு அதுதான்.

பெட்டியில் பன்றியும் இருந்தது. பிள்ளைகளில் பாதிப் பேர் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள், அப்பாக்கள் வளைகுடாவில். தாளாளருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பொம்மைப் பன்றியைப் பூட்டி வைத்தார். அத்தனை புத்தகத்திலும் அந்தப் பக்கத்தை என்னைக் கிழிக்கச் சொன்னார். ஒரு வாரம் கழித்து ஓர் அம்மா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஏன் மிஸ், ஓவுக்கு அடுத்து கியூ வருது? நடுவுல ஒண்ணு இருக்கணுமே. புள்ள பென்சிலுன்னு சொல்லத் தெரியாம முழிக்கிறான்" என்றார். நான் பக்கத்தில் நின்ற தாளாளரைப் பார்த்தேன். அவர் மெல்லிய குரலில் காரணத்தைச் சொன்னார். அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "படத்தப் பாத்தா என்ன சார், புள்ள அதத் திங்கவா போறான்? அந்த எழுத்துக்கும் சேத்துத்தான ஃபீஸ் வாங்குனீங்க?" தாளாளர் மறுநாள் அந்த எழுத்துக்கு ஒரு கிளிப் படத்தைக் கையால் வரைந்து கொடுத்தார். அது பன்றியைப் போலத்தான் இருந்தது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாத ஒன்று என் வகுப்பில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தது.

அவளுக்கு நான்கு வயது முடிந்திருந்தது. ஜூனில் சேர்ந்ததிலிருந்து ஒரு சொல் பேசவில்லை. ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் எழுந்து கதவுப் பக்கம் போய் நிற்பாள். வாத்தைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், அதன் வயிற்றைத் தடவுவாள், திருப்பிக் கொடுப்பாள். ஓசை வராது. அவள் அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். என் அம்மாவோடு பல வருடம் ஒரே வரிசையில் நின்று நட்டவர். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை. அவர் போனதே இந்தப் பிள்ளை நம்மைப் போல் இருக்கக்கூடாது என்றுதான். எங்கள் தெருவிலிருந்து வேன் ஏறின முதல் பிள்ளை அவள்.

தாளாளருக்கு அவளைப் பிடிக்கவில்லை. பேசாத பிள்ளை விளம்பரத்துக்கு உதவாது. பேசாத மிஸ்ஸை வைத்துக்கொண்டு அதைச் சொன்னார் என்பதுதான் வேடிக்கை.

விஜயதசமிக்குப் புதிதாகப் பிள்ளைகளைச் சேர்ப்பது எல்லாப் பள்ளியிலும் உண்டு. தட்டில் நெல்லைப் பரப்பிப் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதவைப்பார்கள். அந்த வருடம் அதற்கு முந்தின வாரம் பண்ணை தினம் ஒன்று நடத்தப்போவதாகத் தாளாளர் ஆசிரியர் கூட்டத்தில் அறிவித்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தட்டு, தட்டு நிறையச் சேறு. சேற்றில் பிள்ளை தன் எழுத்தை விரலால் எழுதி, அந்தக் கோட்டில் நெல்லைத் தூவ வேண்டும். பத்து நாளில் எழுத்து பச்சையாக முளைத்து நிற்கும். பெற்றோர் முன்னால் பிள்ளை தன் தட்டுக்குப் பின்னால் நின்று எழுத்தின் ஓசையையும் மிருகத்தின் பெயரையும் சொல்லும். பிள்ளைகள் இருபத்து மூன்று, எழுத்து இருபத்தாறு. மிச்சம் மூன்று எழுத்தின் அட்டைகளைத் தாளாளர் தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவற்றுக்கு மிருகம் கிடைக்கவில்லை.

யோசனை கெட்ட யோசனை இல்லை. ஈரச் சேற்றில் விரல் போகிற வழி பிள்ளைக்கு மறக்காது. அந்த மனிதர் செய்தவற்றில் உருப்படியானது அது ஒன்று. அதையும் அவரே கெடுத்துக்கொண்டார்.

கூட்டம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். "இங்க பாருங்க மிஸ். அன்னைக்கு அந்தப் பொண்ணு வாயத் தொறக்கலைன்னா, பூஜை லீவு முடிஞ்சு பிரீ-கேஜியில உக்கார வச்சிருவேன். அங்கயும் பேசலைன்னா டிசி. அவங்கம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க, உங்க தெருதானே."

சொன்னேன். கேட்டுவிட்டு அக்கா முந்தானையால் கையைத் துடைத்தார். பிறகு, "அவருக்குத் தெரிஞ்சா அங்க கஞ்சி எறங்காது. நீங்கதான் எப்பிடியாச்சும் பேச வைக்கணும் மிஸ்" என்றார். சின்ன வயதிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மிஸ் என்றுதான் சொல்வார். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார்.

மறுநாள் தாளாளர் மில்லின் பழைய கிடங்கைத் திறந்து ஒரு சாக்கை இழுத்து வரச் சொன்னார். "நம்ம மில்லு நெல்லு. தாத்தா காலத்து ராசி" என்றார். நான் குனிந்து ஒரு கை அள்ளினேன். அள்ளும்போதே தெரிந்துவிட்டது. அவித்த நெல். அவித்துக் காயவைத்து, அரைப்பதற்கு முன் மில் நின்றுபோனதால் சாக்கில் தங்கிவிட்டது. உமி நுனியில் லேசாக விரிந்திருந்தது, நிறம் பழுப்பேறியிருந்தது, மூக்கில் வைத்தால் அந்தப் புழுங்கல் வாடை. அவித்த நெல் எந்தக் காலத்திலும் முளைக்காது. வெந்துபோனது எப்படி முளைக்கும்?

அந்தக் களத்தில் நான் பத்து வயதில் நெல் துழாவியிருக்கிறேன். என் அம்மா அந்தத் தொட்டியில் நெல் அவித்தவர். ஆவி பட்டு அவர் முன்னங்கையில் தோல் உரிந்த இடம் இன்றும் வெளுத்திருக்கிறது. மூன்று தலைமுறையாக நெல்லை அவித்து விற்றுச் சாப்பிட்ட வீட்டில் பிறந்த மனிதருக்கு அவித்த நெல்லுக்கும் விதைநெல்லுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஊட்டியில் படித்தார், துபாயில் கம்ப்யூட்டர் விற்றார். நெல் அவருக்கு ராசி, அவ்வளவுதான்.

"சார், இது அவிச்ச நெல்லு, முளைக்காது." ஐந்தே சொல். நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை.

கூச்சம் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். முழு உண்மை அது இல்லை. முளைக்காமல் போகட்டும், பெற்றோர் முன்னால் வெறும் சேற்றுத் தட்டை வைத்துக்கொண்டு நிற்கட்டும் என்று ஒரு சந்தோஷம் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை யாரோடும் பகிர வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதில் நான் கெட்டிக்காரி.

பிள்ளைகள் எழுதினார்கள். கை, முகம், சீருடை எல்லாம் சேறு. பேசாத பெண்ணுக்கு வாத்தின் எழுத்து வந்தது, டி. மற்ற பிள்ளைகள் நெல்லை வாரி இறைத்தார்கள். அவள் ஒவ்வொரு நெல்லாக எடுத்து, கட்டை விரலால் அழுத்தி, இடைவெளி விட்டு ஊன்றினாள். தட்டின் எதிர்ப்பக்கம் ஆரம்பித்துத் தன் பக்கமாகப் பின்னோக்கி வந்தாள். நடவு நடுகிறவர்கள் அப்படித்தான் பின்னால் நகர்வார்கள். தாளாளர் பார்த்துவிட்டு, "எழுத்த ரிவர்ஸ்ல போடுது பாருங்க. ஸ்ட்ரோக் சொல்லிக்குடுக்கலையா?" என்று என்னைத் திட்டினார். அந்த அறையில் நெல் ஊன்றத் தெரிந்தது அவள் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு தினமும் அந்தப் பிள்ளைகள் காலையில் வந்ததும் பையைக்கூட இறக்காமல் தட்டைப் பார்க்க ஓடினார்கள். டம்ளரில் மொண்டு தண்ணீர் தெளித்தார்கள். "மிஸ், நாளைக்கு வந்துருமா?" என்று கேட்டார்கள். வரும் என்றேன். நான்காம் நாள் நெல் ஊறி உப்பியது. "வருது, வருது" என்று குதித்தார்கள். ஆறாம் நாள் புளித்த வாடை வந்தது. எட்டாம் நாள் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்தது. அந்தப் பெண் மட்டும் தன் தட்டில் ஒரு நெல்லைத் தோண்டி எடுத்து, அமுக்கிப் பார்த்து, மறுபடியும் அதே குழியில் வைத்து மூடினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கரும்பலகையைத் துடைக்கப் போய்விட்டேன்.

"தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க" என்றார் தாளாளர். பிறகு, "தண்ணி பத்தல" என்றார். இரண்டுக்கும் தலையாட்டினேன்.

ஒன்பதாம் நாள் அவருக்கு வழி கிடைத்தது. பக்கத்து வயலில் சம்பாவுக்கு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஆள் அனுப்பி நாற்றுக் கேட்டார். நாற்றைத் தூக்கிக்கொண்டு வந்தது அந்த அக்காதான். தலையில் நாற்றுக் கட்டு, நான்கு முடி; முழங்கால் வரை சேறு, சேலை நனைந்து ஒட்டியிருந்தது. "அங்கயே வச்சிட்டுப் போம்மா, டைல்ஸ் அழுக்காயிடும்" என்று தாளாளர் அறைக்குள்ளிருந்து சத்தம் போட்டார். அவர் காலடியில் டைல்ஸ் போட்டிருந்த இடம் மொத்தம் எட்டடி. அக்கா வராந்தாவில் நின்று, வரிசையாக இருந்த தட்டுகளைப் பார்த்தார். ஒரு நெல்லைக் கிள்ளி எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என்ன மிஸ் இது! அவிச்ச நெல்லு!"

"மெதுவாக்கா."

"யாரு குடுத்தா?"

நான் தாளாளர் அறைப் பக்கம் கண்ணைக் காட்டினேன். அக்கா மறுபடியும் சிரித்து, துப்பினார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஒங்கம்மா இங்கதான அவிச்சாங்க. ஒங்களுக்குத் தெரியலயா?"

"தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

நான் நாற்று முடியின் கட்டை அவிழ்த்தேன்.

"சரி விடுங்க. எம் புள்ளையும் ஒங்கள மாதிரிதான். உள்ள எல்லாம் இருக்கு, வெளிய வராது. ஞாயித்துக்கெழம எஸ்டிடி பூத்துல அவங்கப்பா போன் பண்ணுவாரு பாருங்க, அப்ப மட்டும் கொட்டித் தீத்துரும். நீங்க சொல்லிக்குடுத்த மாட்டுச் சத்தம், பாம்புச் சத்தம் எல்லாம் சொல்லும். பூத்துக்காரரு சிரிப்பாரு. கண்ணாடியப் பாக்கத் திரும்பிக்கிட்டுச் சொல்லும், யாரும் மூஞ்சியப் பாக்கக்கூடாது."

அன்று சாயங்காலம் வரை நானும் பள்ளி ஆயாவும் பூஞ்சை நெல்லைச் சுரண்டி எறிந்துவிட்டு, நாற்றைக் கத்தரித்து எழுத்து மாதிரி நட்டோம். பத்து நாளில் முளைத்ததாகச் சொல்லப்போகிற பயிர் ஒரு சாண் உயரம் நின்றது. விவசாயம் தெரிந்த யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். தாளாளருக்கு அந்தக் கவலை இல்லை. "நம்ம மண்ணு அப்பிடி" என்றார்.

பண்ணை தினத்தன்று களத்தில் ஷாமியானா போட்டார்கள். தெர்மகோலில் சிவப்புக் கொட்டகை. கும்பகோணத்திலிருந்து வாடகைக்கு எடுத்த மாட்டு உடைக்குள் இரண்டு பிள்ளைகள் வியர்த்து அழுதார்கள். தாளாளர் ஜீன்ஸும் தொப்பியும் போட்டு, வாயில் ஒரு வைக்கோல் வைத்துக்கொண்டு வந்தார். லீவில் வந்திருந்த அப்பாக்கள் சென்ட் மணக்க முன்வரிசையில் உட்கார்ந்து வீடியோ எடுத்தார்கள். அவர்களில் பலர் ஐந்து வருடத்துக்கு முன்னால் ஏர் பிடித்தவர்கள். அந்தப் பயிர் பத்து நாள் பயிர் இல்லை என்று ஒருவருக்குக்கூடவா தெரிந்திருக்காது? தெரிந்திருக்கும். ஒருவரும் சொல்லவில்லை. ஃபீஸ் கட்டி வாங்கிய பொய்யை யார் குறை சொல்வார்கள்? பின்வரிசையில், அன்றைக்கு வேலைக்குப் போகாமல், பொட்டலத்து மடிப்புக் கலையாத புதுச் சேலையில் அக்கா நின்றிருந்தார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒவ்வொரு ஓசைக்கும் கைதட்டல். வாத்தின் முறை வந்தது. அவள் தட்டுக்குப் பின்னால் நின்றாள். தட்டில் அவள் ஊன்றின நெல் ஒன்றும் இல்லை. நான் நட்ட நாற்றுதான் இருந்தது. அதை ஒரு விரலால் விலக்கி அடியில் தேடினாள்.

"சொல்லும்மா, சொல்லு" என்றார் தாளாளர் மைக்கில், பல் தெரிய. அவள் நிமிரவில்லை. முன்வரிசையில் ஒருவர் இருமினார். தாளாளர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "பாத்தீங்களா? கூட்டிட்டுப் போங்க. அவங்கம்மாவ நாளைக்கு வரச் சொல்லுங்க."

அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக் மேசையில் தாளாளரின் செல்போன் இருந்தது. ஊரில் அப்போது மூன்று பேரிடம் இருந்தது. மில் மொட்டை மாடியில் வாய்க்கால் பக்க மூலையில் நின்றால்தான் சிக்னல் கிடைத்து அதற்கு உயிர் வரும். கீழே அது செங்கல் துண்டு. அத்தனை பேர் பார்க்க நான் எழுந்து போய் அதை எடுத்தேன். அவள் முன்னால் மண்டியிட்டு, காதோரம் சொன்னேன். "அப்பா லைன்ல இருக்காரு. சொல்லு."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள், பூத்தில் கண்ணாடியைப் பார்த்து நிற்கிற மாதிரி. நான் மைக்கை அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"ட்... ட்... டக்கு" என்றாள். கணீரென்ற குரல். அதோடு நிறுத்தவில்லை. மாடு, ஆடு, கோழி, குதிரை, பக்கத்துப் பிள்ளைகளின் எழுத்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். கையால் வரைந்த கிளியையும் சொன்னாள். தாளாளர் அறையில் பூட்டி வைத்திருந்த மூன்று ஓசையையும் சேர்த்துச் சொல்லி முடித்தாள். அவற்றை வகுப்பில் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருந்தேன். ஷாமியானா அதிரக் கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்கியபோது அவள் இன்னும் போனைக் காதில் வைத்திருந்தாள். "அப்பா, கேட்டுச்சா?" என்றாள். காத்திருந்தாள். "அப்பா, எப்ப வர்றீங்க?" மறுபடியும் காத்திருந்தாள். மைக் என் கையில்தான் இருந்தது. அதைத் தள்ளி வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. முன்வரிசையில் வீடியோ எடுத்தவர் கேமராவை இறக்கினார். அவள் போனை எடுத்துப் பார்த்தாள், மறு காதில் வைத்தாள், பிறகு என் கையில் கொடுத்தாள்.

தாளாளர் மைக்கைப் பிடுங்கினார். "இதுதான் நம்ம மெத்தட். பண்ணை பிளஸ் டெக்னாலஜி!" என்றார். அடுத்த மாதம் இருபத்தைந்து பிளாஸ்டிக் போன் வாங்கிப்போட்டார். அடுத்த வருட நோட்டீஸில் அதுதான் முதல் வரி. அந்தப் போனில் ஒரு பிள்ளையும் பேசவில்லை; மண்டையில் அடித்துக்கொண்டார்கள். என் சம்பளம் அப்படியேதான் இருந்தது. இன்னும் நான்கு வருடம் அங்கேயே தலையாட்டினேன்.

அவள் பிரீ-கேஜிக்குப் போகவில்லை. பூஜை லீவு முடிந்து மூன்றாம் வரிசையில், தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்று சாயங்காலம் வேனுக்குக் காத்திருக்கும்போது அக்கா வந்தார். கையில் ஒரு பையில் பிஞ்சுக் கத்தரிக்காய், எனக்குத்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒங்க புண்ணியம் மிஸ். அவருகிட்ட சொல்லிட்டேன், அங்க கேட்டுட்டு அழுதுட்டாரு." பிறகு என் காதுப் பக்கம் குனிந்து, தமாஷ் சொல்கிற குரலில் சொன்னார். "ஆனா இப்ப ஒரு புதுப் பழக்கம் பாருங்க. போன வாரமும் அப்பிடி, நேத்தும் அப்பிடி. போனக் குடுத்தா ஒடனே பேச மாட்டேங்குது. 'நீங்க மொதல்ல பேசுங்க'ங்குது. அவரு பேசணும். ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, நாலஞ்சு வார்த்த பேசணும். அதக் கேட்டு, அவருதானான்னு பாத்துக்கிட்டுத்தான் இது வாயத் தொறக்குது. ஐஎஸ்டி காசு எகிறுதுன்னு அவரு சிரிக்கிறாரு. எங்கேருந்து மிஸ் கத்துக்குச்சு இத?"

அவள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றாள். நான் கத்தரிக்காய்ப் பையை வாங்கிக்கொண்டேன். தெரியலைக்கா என்கிற மாதிரி தலையை ஆட்டினேன்.